காசித்தும்பைக்குக் கரகரப்பிரியா

கரகரப்பிரியா கேட்டால் காசித்தும்பை வேகமாக வளரும் என்று வெகுகாலம் நம்பியவன் நான். நம்பியதற்கு அடிப்படையும் இருந்தது. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறைத் தலைவராக இருந்த டி.சி.சிங், 1960-களின் தொடக்கத்தில் செடிகளுக்கு இசை கேட்கவைத்துப் பார்த்தவர். அங்கே இசை விரிவுரையாளராக இருந்த ஒருவர் காசித்தும்பைச் செடிகளுக்கு அருகே உட்கார்ந்து தினமும் 25 நிமிடம் வீணையில் கரகரப்பிரியா வாசித்திருக்கிறார். சில வாரங்கள் கழித்து, வீணை கேட்ட செடிகள் கேட்காதவற்றைவிட 20 சதவீதம் உயரமாகவும், 72 சதவீதம் கூடுதல் இலைகளோடும் நின்றதாக ஒரு புத்தகம் சொல்கிறது. பீட்டர் டாம்ப்கின்ஸ், கிறிஸ்டோஃபர் பேர்ட் இருவரும் எழுதி 1973-இல் வெளிவந்த 'தி சீக்ரெட் லைஃப் ஆஃப் பிளான்ட்ஸ்' அது. பிறகு சிங், நெல் வயல்களில் ஒலிபெருக்கி கட்டிப் பாட்டுப் போட்டு, விளைச்சல் கூடியதாகச் சொன்ன கதையும் அதில் உண்டு.

பழைய புத்தகக் கடையில் அது எனக்குக் கிடைத்தது. சிதம்பரம் என்ற பெயரைப் பார்த்ததுமே மனசு சாய்ந்துவிட்டது. உலகம் முழுக்க விற்ற ஒரு புத்தகத்தில் நம் ஊர், நம் வீணை, நம் ராகம்! அந்தப் பக்கங்களைப் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தேன்.

இன்னொரு காரணமும் இருந்தது. நான் சிவகங்கைப் பக்கத்துக்காரன். எங்கள் வீட்டில் யாருக்கும் கர்நாடக சங்கீதம் தெரியாது. திருச்சி வானொலியில் கேட்டுக் கேட்டு, எது எந்த ராகம் என்று தட்டுத் தடுமாறி நானாகப் பழகிக்கொண்டது அது. சென்னையில் வங்கி வேலைக்கு வந்த பிறகு, கச்சேரி கேட்பவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை இருந்தது. பாடுபட்டுச் சம்பாதித்த பொருளை யாராவது மாற்றுக் குறையாத தங்கம் என்று சொன்னால் உரசிப் பார்க்கத் தோன்றுவதில்லை. நானும் உரசிப் பார்க்கவில்லை.

என் மகள் எட்டாம் வகுப்பு படித்தபோது அவளுடைய பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. 'செடிகள் பாட்டுக் கேட்குமா?' என்ற தலைப்பை எடுத்துக் கொடுத்தது நான். அவள் முதலில் மழைநீர் வடிகட்டி செய்வதாகத்தான் இருந்தாள். அதை எல்லாரும் செய்வார்கள் என்று சொல்லி அவள் மனதை மாற்றினேன். நர்சரியில் காசித்தும்பை விதை வாங்கினோம். தயிர் டப்பாக்களின் அடியில் கம்பியைச் சுட வைத்துத் துளை போட்டோம். செம்மண், மணல், தொழு உரம் மூன்றையும் அவளே அளந்து கலந்தாள். எல்லா டப்பாவிலும் மண் ஒரே அளவு, எல்லா விதையும் ஒரே பாக்கெட், தண்ணீரும் ஒரே டம்ளரில். அதுவரைக்கும் அவள் செய்ததில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

எதை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்தவன் நான். பாட்டுக் கேட்க வேண்டிய டப்பாக்களை ஹாலில், சிடி பிளேயர் இருந்த அலமாரித் தட்டில் வைத்தேன். பாட்டு எட்டவே கூடாத டப்பாக்களைப் பின்பக்க பால்கனிக்குக் கொண்டுபோனேன். இடையில் இரண்டு கதவுகள். சத்தம் கொஞ்சமும் கலந்துவிடக் கூடாது என்பதில் அவ்வளவு கவனமாக இருந்தவனுக்கு, பின்பக்க பால்கனி கிழக்கு பார்த்தது என்பதும், ஹால் ஜன்னலை அடுத்த வீட்டுச் சுவர் மறைக்கிறது என்பதும் கண்ணிலேயே படவில்லை. சத்தத்தைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

விதை முளைத்தது. காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்வரை வீணை ஓடும். சாயங்காலம் அவள் ஸ்கேலை வைத்து அளப்பாள். கொஞ்ச நாளிலேயே ஹால் செடிகள் பால்கனிச் செடிகளை முந்த ஆரம்பித்தன. தினமும் முந்தின. வரைபடத்தாளில் சிவப்புக் கோடு மேலே ஏறிக்கொண்டே போக, நீலக் கோடு கீழேயே தவழ்ந்தது. அலுவலகத்தில் பக்கத்து மேசை நண்பரிடம் தினமும் நிலவரம் சொன்னேன். வீட்டுக்கு வந்தவர்களையெல்லாம் அந்த அலமாரிக்கு முன்னால் நிறுத்திக் காட்டினேன்.

என் மகளின் நோட்டில் தேதி, உயரம், இலைகளின் எண்ணிக்கை ஆகியவற்றுக்கு அடுத்து 'பார்த்தது' என்று ஒரு பத்தி இருந்தது. அதை அவளாகவே கோடு போட்டுச் சேர்த்திருந்தாள். ஒரு நாள் அந்த நோட்டைப் புரட்டினேன். ஹால் செடிகளுக்கு நேரே பென்சிலில் எழுதியிருந்தாள்: 'இலை வெளிர் பச்சை.' 'தண்டு நூல் மாதிரி இருக்கு.' 'ஜன்னல் பக்கம் சாயுது.' 'ஒரு இலைக்கும் அடுத்த இலைக்கும் நடுவில் தூரம் ஜாஸ்தி.' பால்கனிச் செடிகளுக்கு நேரே: 'குட்டை. ஆனா தண்டு குண்டு. இலை கரும்பச்சை.' இலை எண்ணிக்கையிலும் பால்கனிச் செடிகளே கூடுதல்.

அவளும் கேட்டாள். "அப்பா, இது உயரமா இருக்கு, ஆனா நல்லா இல்லையே. ஏன்?"

அந்த ஒரு கேள்விக்கு நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டு டப்பாவையும் ஒன்றாக வைத்துப் பார்த்திருக்க வேண்டும். "வளர்ற வேகத்துல அப்படித்தான் இருக்கும், அப்புறம் தேறிடும்" என்றேன். எனக்கு அது தெரிந்து சொன்ன பதில் இல்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

கண்காட்சி நெருங்கியபோது ஹால் செடிகள் தள்ளாட ஆரம்பித்தன. நான் விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சிகளை உருவி, ஒவ்வொரு தண்டுக்கும் ஒன்று ஊன்றி, தையல் நூலால் கட்டினேன். அவள் நூலைப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றாள். பிறகு நோட்டை நல்ல பிரதி எடுக்க உட்கார்ந்தோம். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். 'பார்த்தது' பத்தி வேண்டாம் என்றேன். "படிக்கிறவங்களுக்குக் குழப்பம்." இலை எண்ணிக்கையும் வேண்டாம் என்றேன். "உயரம் ஒண்ணு போதும்மா, வரைபடம் தெளிவா இருக்கும்."

சிதம்பரத்தில் இலைகளை எண்ணினார்கள் என்பது எனக்குத் தெரியும். அந்த வரியை நான்தானே பென்சிலால் கோடு போட்டிருந்தேன். எந்தப் புத்தகத்தைக் காட்டி என் மகளை இந்தச் சோதனைக்கு இழுத்தேனோ, அதே புத்தகம் முக்கியம் என்று சொன்ன அளவு எங்கள் வீட்டில் எதிர்மாறாக வந்திருந்தது. தெரிந்துதான் அதை விடச் சொன்னேன்.

சார்ட்டின் உச்சியில் 'செடிகளுக்கு இசை பிடிக்கும் என்று ஜெகதீஷ் சந்திர போஸ் நிரூபித்தார்' என்று பெரிய எழுத்தில் எழுதச் சொன்னதும் நான். போஸ் 1917-இல் கொல்கத்தாவில் தன் ஆய்வு நிலையத்தைத் தொடங்கியவர். கண்ணுக்குத் தெரியாத வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியைச் செய்தவர். சூடு, மின்சாரம், மயக்க மருந்து போன்றவற்றுக்குச் செடி எப்படி எதிர்வினை காட்டுகிறது என்று அளந்து அளந்து பார்த்த அந்த மனிதரின் பெயரை, எதையும் சரிபார்க்காமல் என் சார்ட்டின் உச்சியில் ஏற்றினேன்.

கண்காட்சி நாளன்று பெற்றோர் வரலாம் என்றார்கள். நடுவர்களில் வயதான ஒருவர் எங்கள் மேசைக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். வரைபடத்தைப் பார்த்தார். குனிந்து செடிகளைப் பார்த்தார். ஈர்க்குச்சிகளைப் பார்த்தார்.

"ரெண்டும் ஒரே இடத்துலதான் இருந்துச்சாம்மா? வெளிச்சம் ஒரே மாதிரியா?"

என் மகள் அவரைப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றிருந்த என்னைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, தலையைக்கூட அசைக்கவில்லை. அவளுக்கு எதுவோ புரிந்திருக்க வேண்டும்.

"ஆமா சார்" என்றாள்.

இரண்டாம் பரிசு கிடைத்தது. திரும்பி வரும்போது ஆட்டோவில் சான்றிதழ் என் கையில்தான் இருந்தது.

அடுத்த வாரம் என் அம்மா ஊரிலிருந்து வந்தார். மூட்டை முடிச்சை இறக்கி வைத்துவிட்டு, தண்ணீர் குடித்துக்கொண்டே அலமாரியைப் பார்த்தார். டம்ளரை வைத்துவிட்டு அருகே போய், ஒரு தண்டை இரண்டு விரலால் மெல்லப் பிடித்தார். நூலை அவிழ்த்தார். செடி சாய்ந்து டப்பாவின் விளிம்பில் படுத்தது.

"என்னப்பா இது, மொளப்பாரி மாதிரி வெளுத்து நீண்டு கெடக்கு? இருட்டுலயா வெச்சிருந்த?"

நான் பெருமையோடுதான் விளக்க ஆரம்பித்தேன். பாட்டு, வீணை, சிதம்பரம், பரிசு எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். பேச்சுக்கு நடுவே, "நீங்களும் ஊர்ல மொளப்பாரிக்குக் கும்மியடிச்சுப் பாடுவீங்கள்ல, அதே மாதிரிதான், இது சயின்ஸ்" என்றும் சொன்னேன். சின்ன வயதில் அந்தக் கும்மிப் பாட்டை மூட நம்பிக்கை என்று அம்மாவிடமே சொல்லியிருக்கிறேன். இப்போது என் வீணைக்குத் துணையாக அதையே கூப்பிட்டேன்.

அம்மா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "பாட்டு பயிருக்கா பாடுனோம்? ஆத்தாளுக்கு இல்ல பாடுனோம். பயிரு நீள்றது இருட்டுக்கு. அதுக்குத்தானே வெயில் படாத வீட்டுக்குள்ள வெச்சு வளக்குறது."

நான் வாயடைத்து நின்றேன். முளைப்பாரி வீட்டை எனக்குத் தெரியாதா என்ன! மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டியதும், சட்டிகளில் எருவும் வைக்கோலும் பரப்பி, பயறும் மொச்சையும் தட்டாம்பயறுமாக ஊறவைத்துத் தூவி, கதவைச் சாத்திய இருட்டறையில் வைப்பார்கள். இரவில் பெண்கள் வெளியே வட்டமாக நின்று கும்மி கொட்டுவார்கள். திருவிழா அன்று எடுத்து வரும்போது பயிர் முழங்கை உயரத்துக்கு, மஞ்சளும் வெள்ளையுமாக, நிற்கவே தெம்பில்லாமல் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டிருக்கும். அதைச் சுற்றி நார் கட்டித்தான் தலையில் ஏற்றுவார்கள். அந்த நாரை என் அம்மா கட்டும்போது பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவன் நான்.

என் கைக்குக் கீழே ஈர்க்குச்சியும் தையல் நூலுமாக அந்த டப்பாக்கள் இருந்தன. அறையில் பகல் வெளிச்சம் இருப்பதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். அப்போதுதான் ஜன்னலைப் பார்த்தேன். அடுத்த வீட்டுச் சுவர். அதன் மேல் விளிம்பில் ஒரு கை அகலத்துக்கு வானம். டியூப் லைட் எரிந்துகொண்டிருந்தது. எங்கள் ஹாலில் அது பகலிலும் எரியும். ஒவ்வொரு செடியும் அந்த ஒரு கை அகல வானத்தை நோக்கியே சாய்ந்திருந்தது. அவை நன்றாக வளர்ந்ததால் உயரவில்லை. வெளிச்சத்தைத் தேடி ஏங்கி நீண்டிருந்தன. நான் ஊருக்கெல்லாம் காட்டியது அவற்றின் பசியை.

என் மகள் உள்ளே போனாள். வரும்போது கையில் பழைய நோட்டு இருந்தது, நல்ல பிரதி இல்லை. அதைத் திறந்து அவள் அப்பத்தாவிடம் காட்டினாள். அம்மாவுக்குப் படிக்க வராது. ஆகவே இவள் வாசித்துக் காட்டினாள். இலை வெளிர் பச்சை. தண்டு நூல் மாதிரி இருக்கு. ஜன்னல் பக்கம் சாயுது. அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஆமா", "ஆமா" என்று தலையாட்டினார். நான் அங்கேயே நின்றேன். இருவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் படித்தேன். முதலிலேயே படித்திருக்க வேண்டியதை. செடிக்குள் பைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. வெளிச்சம் போதுமா, மேலே ஏதாவது நிழல் கட்டுகிறதா என்பதை அதன் மூலம் செடி அறிகிறது. போதவில்லை என்றால் இலையைப் பெருக்குவதையும் பச்சையம் சேர்ப்பதையும் நிறுத்திவைத்து, கையிருப்பை எல்லாம் தண்டை நீட்டுவதில் செலவழிக்கிறது. ஆக்சின் என்ற ஹார்மோன் நிழல் பக்கத்துச் செல்களை அதிகம் நீளவைக்க, தண்டு வெளிச்சப் பக்கம் வளைகிறது. திறந்த வெளியில் நடுப்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸ் வரை போகும். ஜன்னலைவிட்டுத் தள்ளியிருக்கும் அறை மூலையில் சில நூறு லக்ஸ் தேறுவதே கஷ்டம். நம் கண் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்வதால் இரண்டுமே நமக்கு வெளிச்சமாகத்தான் தெரியும். செடியால் அப்படிச் சமாளிக்க முடியாது.

பால்கனிச் செடிகள் குட்டையாகவும் குண்டாகவும் இருந்ததற்கு வெயிலோடு இன்னொரு காரணமும் இருந்தது. காற்றில் ஆடும் செடி, அடிக்கடி தொடப்படும் செடி உயரத்தைக் குறைத்துத் தண்டைத் தடிப்பாக்கிக்கொள்ளும். மோர்டெகாய் ஜாஃபே என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் இதை 1973-இல் விளக்கமாக எழுதியிருக்கிறார். நான் மெச்சிய புத்தகம் வந்ததும் அதே ஆண்டுதான். அந்தப் புத்தகம் எனக்குக் கிடைத்தது, ஜாஃபேயின் கட்டுரை கிடைக்கவில்லை என்று சாக்குச் சொல்ல மாட்டேன். தேடவில்லை.

அதே 1973-இல் அமெரிக்காவின் டென்வர் நகரைச் சேர்ந்த டோரதி ரெடலாக் என்ற பெண்மணியும் ஒரு புத்தகம் எழுதினார். அவருடைய செடிகள் ராக் இசையிலிருந்து விலகிச் சாய்ந்தன. பாக்கின் இசையையும் ரவிசங்கரின் சிதாரையும் நோக்கிச் சாய்ந்தன என்பது அவர் கண்டது. சிதார் பக்கம் சாய்ந்த செடி என்றால் நமக்கு எவ்வளவு இனிக்கும்! 1979-இல் ஆர்தர் கால்ஸ்டன், கிளிஃபர்ட் ஸ்லேமன் என்ற இரு உடலியல் அறிஞர்கள் 'அமெரிக்கன் சயின்டிஸ்ட்' இதழில் இந்த மாதிரிச் சோதனைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஏன் நம்ப முடியாது என்று எழுதினார்கள். செடிகளின் எண்ணிக்கை, ஒப்பிட்டுப் பார்க்க வைத்த செடிகளின் நிலைமை, வேறொருவர் செய்தால் அதே விடை வருகிறதா என்பவைதான் அவர்கள் எழுப்பிய கேள்விகள். எங்கள் ஹாலுக்கு வந்திருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பார்கள். அந்த நடுவர் கேட்டார்.

சார்லஸ் டார்வினும் இதைச் செய்து பார்த்திருக்கிறார். மகன் பிரான்சிஸை ஒரு செடிக்குப் பக்கத்தில் பசூன் என்ற குழல் வாத்தியத்தை வாசிக்கச் சொல்லியிருக்கிறார். இதைப் போன்றவற்றை அவரே 'முட்டாள் சோதனைகள்' என்று அழைத்தார். அவற்றைச் செய்வதில் அவருக்குப் பிரியமும் இருந்தது. அந்தச் செடி அசையவில்லை. அவர் அதற்கு ஈர்க்குச்சி ஊன்றவில்லை. எனக்கு அந்த அப்பாவையும் பிள்ளையையும் நினைக்கும்போதெல்லாம் தொண்டை அடைக்கும்.

என் வீட்டில் என்ன ஆயிற்று என்று சொல்கிறேன். அவள் கோபப்படவில்லை, சண்டை போடவில்லை. சான்றிதழைச் சுவரில் மாட்டலாம் என்று நான் ஒருமுறை சொன்னபோது "வேண்டாம்பா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அதற்கப்புறம் அவள் செய்த எந்தச் செயல்திட்டத்தையும் முடித்த பிறகுதான் எனக்குக் காட்டினாள். கையெழுத்து வேண்டிய பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக்கொண்டு, மற்ற பக்கங்களைக் கையால் பிடித்துக்கொண்டு நிற்பாள். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் எடுப்பாள் என்று எதிர்பார்த்தேன்; கணக்குப் பக்கம் போனாள். அதற்குக் காரணம் நான்தான் என்று சொல்லிக்கொள்வதும் ஒருவகைப் பெருமையாகிவிடும். ஆனால் தானாக 'பார்த்தது' என்று ஒரு பத்தி போட்டு எழுதிய பிள்ளை, மறுபடி எதையும் என்னிடம் 'ஏன்?' என்று கேட்கவில்லை. இதை நான் நன்றாகக் கவனித்தேன்.

அந்தச் சோதனையை நான் தனியாக ஒருமுறை திரும்பச் செய்தேன். எல்லா டப்பாவும் கிழக்கு பால்கனியில், ஒரே வெயிலில். பாட்டு நேரத்தில் மட்டும் பாதியைத் தூக்கிப் பக்கத்து அறைக்குக் கொண்டுபோய் வீணை கேட்கவைத்தேன். மீதியையும் அதே நேரம் தூக்கி, பாட்டில்லாத அதே மாதிரி அறையில் வைத்தேன். இரு பக்கமும் குட்டையாக, குண்டாக, கரும்பச்சையாக வளர்ந்தன. இரு பக்கமும் பூத்தன. ஸ்கேலுக்குத் தெரிகிற வித்தியாசம் எதுவும் இல்லை. முடிவை அவளிடம் சொன்னேன். "ம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து வந்து, "இலை எண்ணுனீங்களா?" என்று கேட்டாள். எண்ணியிருந்தேன். நோட்டை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

செடிகளுக்கு ஒலி ஒன்றுமே இல்லை என்றும் இன்று சொல்லிவிட முடியாது. 2014-இல் அமெரிக்காவின் மிசூரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹைடி ஆப்பல், ரெக்ஸ் காக்ராஃப்ட் இருவரும் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கடுகு இனத்துச் சிறு செடி ஒன்றின் இலையில், கம்பளிப்புழு கடிக்கும்போது எழும் அதிர்வை மட்டும் கருவியால் ஏற்படுத்தினார்கள், புழு இல்லாமல். பிறகு உண்மையான புழுவை விட்டபோது அந்தச் செடி தன்னைக் காக்கும் காரமான வேதிப்பொருளை மற்றவற்றைவிட அதிகமாகச் சுரந்தது. காற்றின் அதிர்வுக்கோ, தத்துப்பூச்சி எழுப்பும் அதிர்வுக்கோ அது அப்படிச் செய்யவில்லை. 2019-இல் டெல் அவிவ் பல்கலைக்கழகத்தில் லிலாக் ஹடானியின் குழு, கடற்கரையில் வளரும் மஞ்சள் அந்திப் பூ ஒன்றுக்குத் தேனீயின் ரீங்காரத்தைக் கேட்கவைத்தது. மூன்று நிமிடத்துக்குள் பூந்தேனில் சர்க்கரை கூடியது. 2023-இல் அதே பல்கலைக்கழகத்திலிருந்து, தண்ணீருக்குத் தவிக்கும் தக்காளிச் செடி நம் காதுக்கு எட்டாத உயர் அலைவரிசையில் சொடுக்குச் சொடுக்காக ஒலி எழுப்புவதைப் பதிவு செய்தார்கள்.

நம் வீட்டு மாடியிலேயே இதற்குச் சாட்சி உண்டு. கத்தரிப் பூவின் மகரந்தம் நுனியில் சிறு துளையுள்ள பையில் இருக்கும். கருவண்டு வந்து பூவைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, இறக்கைத் தசையை அதிரவிட்டு 'ஙொய்ய்' என்று ஓசை எழுப்பினால்தான் அது பொலபொலவென்று நன்றாகக் கொட்டும். புழு கடிப்பது, வண்டு வருவது போன்று செடியின் பிழைப்போடு தொடர்புள்ள அதிர்வுகள் அதற்கு எட்டுகின்றன. கரகரப்பிரியா அதன் பிழைப்பில் எங்கும் வருவதில்லை. அது எனக்காக உண்டானது. எனக்கு மட்டும் என்று ஏற்றுக்கொண்ட பிறகு அதை இன்னும் நன்றாகக் கேட்க முடிகிறது.

தேனீ ஆராய்ச்சியைப் பற்றிப் படித்த அன்று அதை மகளுக்கு அனுப்பினேன். அப்போது அவள் வெளியூரில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். இரவு போன் செய்தாள். "சத்தம் கேக்காத பூவை எப்படி வெச்சிருந்தாங்கப்பா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒலி அதிர்வு புகாத கண்ணாடிக் குடுவைக்குள் வைத்திருந்தார்கள் என்றேன். தேனீ ஒலியோடு நிறுத்தாமல், மிக உயர்ந்த அலைவரிசை ஒலியையும் கேட்கவைத்து, அதற்குச் சர்க்கரை கூடவில்லை என்றும் பார்த்திருக்கிறார்கள் என்று சேர்த்துச் சொன்னேன். "வெளிச்சம்?" என்றாள். படித்ததைப் பார்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் பேசினோம். பழைய கண்காட்சியைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அந்த நடுவரிடம் அவள் சொன்ன "ஆமா சார்" அவளுடையது இல்லை, என்னுடையது என்பதை இங்கேதான் முதல்முறையாகச் சொல்கிறேன். இதை அவள் படிப்பாள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்தச் சோதனையைச் செய்ய ஆசைப்பட்டால் தயவுசெய்து தடுக்காதீர்கள், நல்ல சோதனை. எல்லாத் தொட்டியும் ஒரே ஜன்னலில், ஒரே வெயிலில் இருக்கட்டும். தொட்டிகளின் இடத்தை அடிக்கடி மாற்றி மாற்றி வையுங்கள். எது பாட்டுக் கேட்ட செடி என்று தெரியாத ஒருவர் அளக்கட்டும். உயரத்தோடு இலையை எண்ணுங்கள், தண்டின் தடிமனையும் நிறத்தையும் எழுதச் சொல்லுங்கள். ஒரு வித்தியாசமும் இல்லை என்று முடிவு வந்தால், அதையே பெரிய எழுத்தில் சார்ட்டின் உச்சியில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளை "ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்கும்போது, பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள்.